மருமகள் மாசமாக இருக்கும் வீட்டு மாமியார்களுக்கு

அன்புள்ள மதினிமார்களுக்கு,

வணக்கம். நான் 36 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் யாரும் அந்தப் பதவிப் பெயரை முழுசாகச் சொல்ல மாட்டார்கள், நர்சம்மா என்றால் போதும். தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளிலும் அப்புறம் ஸ்கூட்டியிலும் அலைந்து, எத்தனையோ வீடுகளின் பேறுகாலத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். இப்போது நானும் ஒரு மாமியார். அதனால் இந்த மடலில் எங்காவது திட்டு தென்பட்டால் அதில் பாதி என்னைச் சேர்ந்தது.

வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் புத்தி சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. டாக்டர் சொல்கிறார், நர்ஸ் சொல்கிறார், அங்கன்வாடி டீச்சர் சொல்கிறார், இப்போது யூடியூபும் சொல்கிறது. கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, பால் குடி, மத்தியானம் கொஞ்சம் படு. எல்லாரும் அவளிடமே சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன். எங்கள் சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லச் சொல்ல எல்லாரும் தலையாட்டுவார்கள். “சரி நர்சம்மா.” அந்தத் தலையாட்டலைப் பல வருடம் நான் நம்பினேன்.

ஒரு நாள் மூன்று மணி வெயிலில் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். ரத்தம், அதாவது ஹீமோகுளோபின் அளவு, 8 கிராம்தான் இருந்தது, அதனால்தான் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். “சாப்டியாமா?” என்று கேட்டேன். “இன்னும் இல்ல நர்சம்மா, மாமா வயல்லேருந்து வரல.” எனக்குக் கோபம் வந்தது. உள்ளேயிருந்து மாமியார் மோர் எடுத்துக்கொண்டு வந்தார். அவரிடம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன், “நீங்க சாப்டாச்சா?” என்று. அவரும் சாப்பிடவில்லை. காலையில் குடித்த ஒரு டம்ளர் காப்பியோடு அவரும் அந்த வீட்டு ஆண்களுக்காகக் காத்திருந்தார். “ஆம்பளைங்க சாப்பிடாம நாம எப்படி நர்சம்மா கை வைக்கது?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. 40 வருடமாகத் தான் செய்துவந்த ஒன்றைத்தான் மருமகளுக்கும் செய்தார். கையில் இருந்த மோரைக் குடித்துவிட்டு, என் புத்திமதியை எல்லாம் இத்தனை நாள் ஆள் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபடி வண்டியை எடுத்தேன்.

வீட்டில் என்ன குழம்பு என்று தீர்மானிப்பது நீங்கள். முட்டை வாங்கக் காசு உங்கள் முந்தானையில் இருக்கிறது. முதல் தட்டு யாருக்கு, கடைசித் தட்டு யாருக்கு என்பது உங்கள் வாய்ச்சொல். அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ ஆகியிருக்கும். பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே கூச்சப்படும் வயசு. அதனால் இந்த மடலை அவளுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில், “பிள்ளை சின்னதா இருந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். எட்டாம் மாதம் ஆனதும் மருமகளின் சோற்றைக் குறைத்த மாமியார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் பிள்ளைக்கு இடம் இருக்காது என்பார்கள் சிலர். இதை மூடத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. நம் பாட்டிமார் காலத்தில் பிள்ளை இடுப்பில் மாட்டிக்கொண்டால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விடுவார்கள். அறுவை செய்ய ஆள் கிடையாது, வண்டி கிடையாது. பெரிய பிள்ளை என்றால் பயம். அந்தப் பயத்தில் பிறந்த யோசனை இது.

ஆனால் அந்த யோசனை வேலை செய்யாது. வயிற்றுப் பிள்ளைக்குச் சாப்பாடு குறைந்தால் அது முதலில் தன் மூளையைக் காப்பாற்றிக்கொள்ளும். இருக்கிற ரத்தத்தைத் தலைப்பக்கம் அனுப்பிவிட்டு, தசையிலும் ஈரலிலும் மிச்சம் பிடிக்கும். பிறந்த பிறகு பார்த்தால் தலை ஓரளவு சரியாக இருக்கும். தொடை சூம்பி, வயிறு ஒட்டி இருக்கும். பிரசவத்தில் கஷ்டப்பட்டு வெளியே வர வேண்டியது தலைதானே. பட்டினி போட்டு நாம் குறைத்தது தொடைச் சதையை. சுகப்பிரசவத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. 2.5-க்கும் 2.2-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்காதீர்கள். அந்த 300 கிராமில்தான் குழந்தையின் போர்வை இருக்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். பால் உறிஞ்சும்போதே களைத்துத் தூங்கிவிடும், அதனால் எடை ஏறாது, அதனால் இன்னும் களைக்கும். ஒரு சளி வந்தால் நமக்குத் தும்மல், அதற்கு நிமோனியா.

என் தலைச்சன் பிள்ளை 1987-ல் பிறந்தான். எடை 2.1 கிலோ. நான் அப்போதே நர்ஸ். பகலெல்லாம் ஊர்ப் பெண்களுக்குச் சத்தாகச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ராத்திரி என் மாமியார் வீட்டில் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என் முறை கடைசியில் வந்தது, அவ்வளவுதான். படித்தவளுக்கே வாய் திறக்க முடியவில்லை என்றால் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிய பெண்களிடம் நான் எதை எதிர்பார்த்தேன்?

சரி, எடை குறைவு அந்த முதல் மாதங்களோடு முடிந்துபோகும் சங்கதியா என்றால், இல்லை. 1944-45 பனிக்காலத்தில், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, நெதர்லாந்தின் மேற்குப் பக்கத்தில் பெரும் பஞ்சம் வந்தது. ஜெர்மன் படை உணவுப் போக்குவரத்தைத் தடுத்துவிட்டது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். தாய் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளை எடை குறைந்து பிறந்திருந்தது. முதல் மாதங்களில் பட்டினி கிடந்திருந்தால் பிள்ளை பார்க்க நல்ல எடையோடு பிறந்திருந்தது, ஆனால் ஐம்பது வயசில் இதய நோய் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. தாய் தவறவிட்ட சாப்பாட்டை உடம்பு அரை நூற்றாண்டாக மறக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? புனேக்குப் பக்கத்து ஆறு கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-ல் தொடங்கி, கர்ப்பிணிகளையும் பிறகு அவர்களுடைய குழந்தைகளையும் விடாமல் கவனித்துவந்தார்கள். அந்தக் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரி 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. நம் குழந்தைகள் ஒல்லி என்றுதானே நினைப்போம்? அளந்து பார்த்தால், தசை குறைவாகவும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையாமலும் இருந்தது. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கு அது ஒரு வித்து. நம் வீடுகளில் தொப்பையே இல்லாத ஆளுக்கும் நாற்பது வயசில் சுகர் வருகிறதே, அதன் வேர் எங்கே வரை போகிறது பாருங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கீரை, பழம், பால் இவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகள் கொஞ்சம் பெரிதாகப் பிறந்தார்கள். பாதாம் இல்லை, பிஸ்தா இல்லை, டப்பாவில் விற்கும் மாவு இல்லை. கீரை, பழம், பால்.

எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதல். வீட்டுக் கணக்கில் சொன்னால் ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேலே இவ்வளவுதான். அந்த மூன்று வேளையும் நேரத்துக்கு வயிற்றுக்குள் போக வேண்டும், அதுதான் நம் வீடுகளில் நடப்பதில்லை. சுமாரான உடம்புக்காரிக்கு பத்து மாதத்தில் 10 முதல் 12 கிலோ கூட வேண்டும். மெலிந்தவளுக்கு இன்னும் கொஞ்சம், ஏற்கெனவே கனத்தவளுக்கு அதைவிடக் குறைவு. மாதா மாதம் எடை ஏறுகிறதா என்று அவளுடைய தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும்.

இங்கே நான் ஒரு அவமானத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மருமகள் சென்னையில் வேலை பார்க்கிறவள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மாமியார் எனக்குச் செய்யாததை எல்லாம் நான் இவளுக்குச் செய்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. உளுந்தங்களி, கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை, நெய் வழிய அதிரசம் என்று பஸ்ஸில் டப்பா டப்பாவாக அனுப்பினேன். “கருப்பட்டியில இரும்புச்சத்து இருக்கு, இது சீனி மாதிரி இல்ல” என்று போனில் டாக்டர் மாதிரிப் பேசினேன். ஆறாம் மாதம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொடக் கூடாது. இவளுக்கு 162. நர்சம்மா வீட்டு மருமகளுக்கு!

இந்தப் பரிசோதனையை நம் ஊர்களுக்கு ஏற்றாற்போல எளிதாக்கியவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா. வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்றால் கிராமத்துக் கர்ப்பிணி இரண்டு பஸ் மாறி வருவதற்குள் மயங்கி விழுவாள். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பார்க்கலாம், ஒரு தடவை ஊசி குத்தினால் போதும் என்று ஆக்கிக்கொடுத்தார்கள். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். இத்தனையும் எனக்குத் தெரியும். எத்தனையோ பெண்களுக்கு நானே அந்தக் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் டப்பா அனுப்பினேன்.

சர்க்கரை கூடிய ரத்தம் பிள்ளைக்கும் போகிறது. பிள்ளை தேவைக்கு மேல் கொழுத்துப்போகும். தோள் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்குவதும் உண்டு. பிற்காலத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடும். ஆக, 4 கிலோக் குழந்தை என்று ஊரெல்லாம் பெருமை பேசவும் ஒன்றுமில்லை. “ரெண்டு பேருக்குச் சேத்துச் சாப்பிடு” என்ற பேச்சை இனி விட்டுவிடலாம். என் மருமகள் டப்பாக்களை நிறுத்தினாள், சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் முட்டையும் கூட்டினாள், சாப்பிட்டதும் அரை மணி நேரம் மாடியில் நடந்தாள். மாத்திரை, ஊசி எதுவும் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் அப்படி அமையாது, சிலருக்கு இன்சுலின் வேண்டியிருக்கும், அதிலும் பயம் வேண்டாம். பேத்தி 2.9 கிலோ. என்னிடம் அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது காலி டப்பாக்களைக் கழுவி அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அது போதாதா?

அடுத்தது மாத்திரை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் நூற்றில் 48 பேருக்கு ரத்தசோகை. நூற்றில் 99 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் பிரசவிக்கிற மாநிலம் இது. ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம், ரத்தத்தைத்தான் ஏற்ற முடியவில்லை. இரும்புச்சத்து மாத்திரை இலவசம், வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். அந்த மாத்திரை அட்டைகளைச் சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டிரம்முக்குள், ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேலே பிரிக்காமல் கண்டெடுத்திருக்கிறேன். கேட்டால், மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கருப்பாகப் பிறக்குமாம். மலம் கருப்பாகப் போவதைப் பார்த்து யாரோ கட்டிய கதை இது. மலம் கருப்பாகப் போவது மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நிறம் உங்கள் மகனிடமிருந்தும் அவளிடமிருந்தும் வருவது.

அதே வீட்டில் குங்குமப்பூ டப்பா அலமாரியில் பத்திரமாக இருக்கும். ஒரு கிராம் குங்குமப்பூ வாங்குகிற விலைக்கு ஒரு மாதம் தினம் ஒரு முட்டை கொடுக்கலாம் மதினி. முட்டை பிள்ளையைச் சிவப்பாக்காது. ஆனால் தொடையில் சதை வைக்கும்.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதிலும் நம் கை இருக்கிறது. காப்பி, டீயோடு சேர்த்துப் போட்டால் அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் டீ. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக் கூடாது, ஒன்று காலையில் என்றால் மற்றது ராத்திரி. எலுமிச்சம்பழச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். குமட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்பாள், உண்மைதான், வரும். ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள். முருங்கைக்கீரை இருக்க மாத்திரை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. முருங்கைக்கீரை தங்கமான கீரைதான். ஆனால் 8 கிராம் ரத்தத்தை 11-க்குக் கொண்டுவர அந்தக் கீரையால் மட்டும் ஆகாது, அதிலிருக்கும் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் ஒட்டும். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். சாம்பல், மண், பச்சரிசி என்று அவள் ஒளித்து வைத்துத் தின்றால் மசக்கை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பல நேரம் அது ரத்தம் குறைந்ததன் அடையாளம்.

பிள்ளைக்கு இதில் என்ன என்றால், கடைசி மூன்று மாதத்தில்தான் அது தாயின் ரத்தத்திலிருந்து இரும்பை எடுத்துத் தன் ஈரலில் சேமித்து வைக்கிறது. பிறந்து ஆறு மாதம் வரை அந்தச் சேமிப்பில்தான் ஓட்டும், ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். தாயிடம் இல்லாததைப் பிள்ளை எங்கே போய்ச் சேமிக்கும்?

இன்னொரு மாத்திரை, ஃபோலிக் அமிலம். கரு உண்டாகி 28 நாளுக்குள் பிள்ளையின் முதுகுத்தண்டும் மூளையும் அமைகிற குழாய் மூடிவிடுகிறது. அந்த 28 நாளில் நாள் தள்ளிப்போயிருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் கல்யாணமாகிப் பிள்ளைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் முன்கூட்டியே சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். “என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று மாதா மாதம் கேட்கிற நேரத்தில் அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

அரசாங்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணத்தோடு ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு, டானிக் எல்லாம் இருக்கும். அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் போய்ப் பார்ப்பேன். நெய் மகனின் தோசையில், பேரீச்சம்பழம் மூத்த பேரனின் டவுசர் பையில், சத்துமாவு மாமனாரின் காலைக் கஞ்சியில். டானிக் மட்டும் அவளுக்கு! பேரனுக்குக் கொடுக்காதே என்று எந்தப் பாட்டியிடம் சொல்ல முடியும்? ஆனாலும் அந்தப் பெட்டியில் இரண்டு பேர் எழுதப்பட்டிருக்கிறார்கள், அந்த இரண்டு பேரும் ஒரே உடம்பில் இருக்கிறார்கள்.

வேலை விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. குனிந்து நிமிர்ந்து நடமாடினால்தான் நல்லது, படுத்தே கிடக்கக் கூடாது. டாக்டர் படுக்கச் சொன்னால் ஒழிய. வாசல் தெளிப்பது, காய் நறுக்குவது, கோயில் வரை நடப்பது எல்லாம் சரி. ஆனால் இடுப்பில் ஒரு குடம் தலையில் ஒரு குடம் என்று தண்ணீர் சுமப்பது வேறு. நான் சொன்ன புனே ஆய்விலேயே வயல் வேலை, தண்ணீர் சுமப்பது என்று அதிகம் பாடுபட்டவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தார்கள். வெயிலும் அப்படித்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை செய்த 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் பிள்ளை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. கூலிக்குப் போகாமல் எப்படி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போகிற வீட்டில், 11 மணிக்கு மேல் நிழலில் உட்காரவும் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் அவளுக்காகக் கூட வேலை செய்கிற பெரியவர்கள் பேச வேண்டும். மேஸ்திரியிடம் அவள் பேச மாட்டாள், நீங்கள் பேசினால் கேட்பார்.

புகையைப் பற்றி நீட்டவில்லை. மகன் பீடி, சிகரெட் குடித்தால் வீட்டுக்கு வெளியே போகச் சொல்லுங்கள். அந்தப் புகையும் பிள்ளையின் எடையைக் குறைக்கும். விறகடுப்பு இருந்தால் அவளை அதன் பக்கம் விடாதீர்கள். அவளுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், பெரும்பாலும் அது உங்களிடமிருந்து தொற்றியது. மன்னிக்கணும், பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம், கை நிறைய வளையல், அம்மா வீட்டுக்குப் பயணம். அழகான வழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றுப் பிள்ளை 28 வாரத்தில் ஒரு கிலோ அளவில்தான் இருக்கும். மீதி எடை எல்லாம் அதற்குப் பிறகு, அதாவது வளைகாப்பு முடிந்து அவள் வீடு மாறுகிற சமயத்தில்தான் ஏறுகிறது. பெட்டியில் ஐந்து பட்டுச்சேலை இருக்கும். மாத்திரை இங்கேயே கிடக்கும், தாய் சேய் நல அட்டையும் இங்கேயே கிடக்கும். அந்த ஊர் நர்சுக்கு இவளுக்கு ரத்தம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, ஒன்றும் தெரியாது. சம்பந்தியம்மாவும் ஒரு வாரம் ‘வந்த பிள்ளை’ என்று பலகாரமாகச் சுட்டுப் போடுவார். அந்தப் பெட்டியில் அட்டையை முதலில் வையுங்கள், சேலையை மேலே அடுக்குங்கள். கால் வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல், பிள்ளை துடிப்பது குறைவது, தண்ணீர் அல்லது ரத்தம் படுவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று சம்பந்தியம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு நடப்பது தனி மடல் எழுதுகிற அளவுக்கு இருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிறது என்று அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் தொட்டு வைக்காதீர்கள். ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். முதல் சில நாளில் குழந்தை கொஞ்சம் எடை குறையும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்கு வந்துவிட வேண்டும். ஐந்து மாத வாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வருடத்தில் மூன்று மடங்கு. பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் கொடுத்தால் இந்தக் கணக்கு தள்ளாடும். பால் கொடுக்கிறவளுக்குக் கர்ப்பத்தில் இருந்ததைவிடவும் அதிகப் பசி, முதல் ஆறு மாதம் 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும். காயும் பழமும் மீனும் எதற்காக நிறுத்த வேண்டும்?

அந்த மூன்று மணி வீட்டுக்கு நான் திரும்பவும் போனேன். அந்தத் தடவை மருமகளிடம் ஒன்றும் பேசவில்லை. மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கே ரத்தம் பார்த்தேன். 9 கிராம். “உங்களுக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. ரெண்டு பேரும் பன்னிரண்டரைக்கு ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க, ஆம்பளைங்களுக்கு மூடி வைங்க” என்றேன். முதல் வாரம் மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். இரண்டாவது வாரம், “நீங்க சாப்டாச்சா?” என்று அவரே கேட்டாராம். அந்தக் குழந்தை 2.7 கிலோவில் பிறந்தது. மாத்திரையும் சேர்ந்து வேலை செய்திருக்கும், அதை மறுக்கவில்லை.

உங்களிடம் ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். பப்பாளிப் பழம் சாப்பிடலாமா, பிள்ளை கருப்பாகுமா, இடம் பத்தாமல் போகுமா, எது சந்தேகமாக இருந்தாலும் அந்த நர்சம்மாவிடம் வாய்விட்டுக் கேளுங்கள், திட்டினால் திட்டட்டும். போகும்போது வீட்டில் மீதி இருக்கிற மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை குறைந்திருக்கிறது என்று இரண்டு பேருமாக எண்ணிப் பாருங்கள். சாமி படத்துக்குப் பின்னால் பார்க்க மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களைப் போல ஒரு மாமியார்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தென்காசி மாவட்டம்